ஏரியின் மேல் போட்ட பழி

எங்கள் நைனா தற்கொலை செய்துகொண்டபோது தங்கைக்கு எட்டு வயது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று அம்மா தவித்தார். காலேஜில் படிக்கும் நான்தான் முந்திக்கொண்டு, "ஏரியில தவறி விழுந்துட்டாருன்னு சொல்லிடலாம்மா" என்றேன். பழவேற்காட்டில் நம்பக்கூடிய பொய்தானே!

ஒரு மாதம் கழித்து, கையால் இறால் பிடிக்க அம்மா மறுபடி ஏரிக்குக் கிளம்பினார். இறால் போடும் ஓலைப் பறியைக் காணோம். தங்கை அதை டச்சுக் கல்லறை மதிலோரம் ஒளித்துவைத்திருந்தாள்.

"நீ போவாதமா! ஏரி உன்னியும் இஸ்துக்கினு பூடும்" என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"படிச்சவ யோசனை இன்னா லட்சணம்னு பாத்தியா?" என்று அம்மா என்னை முறைத்தார். பிறகு அவளை மடியில் இருத்தி, "ஏரி ஒண்ணும் பண்ணல கண்ணு. நைனாவுக்கு மனசுல நோவு. யாராண்டயும் சொல்லாம தானே உசுர வுட்டுட்டாரு. அது உன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல" என்றார்.

"உனுக்கும் அந்த நோவு வருமா?"

"வந்தா மறைக்க மாட்டேன். உங்களாண்ட சொல்லுவேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

இப்போது எங்கள் வீட்டில் மனது சரியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். போன வாரம் நான் சொன்னேன். அம்மா அன்று ஏரிக்குப் போகவில்லை. மூவரும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.