குரல் கொடுத்த நர்ஸம்மா

கடலுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு மதில்சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரை ஒட்டியே மருந்தகம். காற்று கொஞ்சம் தூக்கலாக அடித்தால் மணல் உள்ளே வந்து, டாக்டரைப் பார்க்க வந்தது போல வாசலோரம் உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸம்மாவின் ராஜ்ஜியம்.

காய்ச்சல், சுளுக்கு, காதல் தோல்வி, பரீட்சை நெருங்கினால் வயிற்றுவலி என்று பிள்ளைகள் வந்தபடி இருப்பார்கள். எது என்றாலும் மாத்திரைக்கு முன்னால் அவள் குரல்தான் போகும். "ஒண்ணுமில்ல. மெதுவா மூச்ச விடு" என்பாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டது மாதிரி ஒரு குரல். ஆனால் அது ஒரு விசேஷம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான்.

வீட்டில் அந்தக் குரலுக்குச் செல்லுபடி கிடையாது. வளாகத்தின் பின்கோடியில், பணியாளர் குடியிருப்பில் அவளும் கணவரும் இருந்தார்கள். அவர் கல்லூரியின் பம்ப் ஆபரேட்டர். மோட்டார் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர். தங்கமான மனுஷன், ஒரு வம்புதும்புக்கும் போகமாட்டார். என்ன, பெண்டாட்டி சொல்வது மட்டும் காதில் ஏறாது. குடை எடுத்துப்போங்க என்பாள், நனைந்துகொண்டு வருவார். "உங்க அப்பாகிட்ட பேசறதும் சுவர்கிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்று வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அந்த வருஷம் கொஞ்ச தூரம் தள்ளி இருந்த ஓர் ஊருக்குள் கடல் புகுந்துவிட்டது. கல்லூரி முதல்வருக்குத் தூக்கம் போயிற்று. உடனே ஒரு பேரிடர்க் குழு போட்டார்கள். தலைவர், புவியியல் பேராசிரியை. முதலுதவிக்கு நர்ஸம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே பேராசிரியை வளாகத்தின் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். புயல் கடலைத் தூக்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று நீலம் தீட்டியிருந்தார். மைதானம் நீலம். உணவுக்கூடம் நீலம். பம்ப் அறை நல்ல நீலம். மருந்தகம் இருந்த இடத்தில் தூரிகையை இரண்டு தடவை இழுத்திருக்க வேண்டும், அவ்வளவு கருநீலம். நூலகத்தின் மேல்தளங்கள் மட்டும் வெள்ளையாக நின்றன.

அன்றையிலிருந்து அந்த நீலம் அவளைப் பிடித்துக்கொண்டது. நடக்கும்போதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போலிருக்கும். புடவை நீரில் மிதந்து பின்னால் வருகிற மாதிரி இருக்கும். கட்டிலுக்கடியில் மருந்துப் பெட்டியை எடுக்கக் குனிந்தால், வெள்ளி வெள்ளியாய் மீன்கள் விலகி வழிவிடும். வேப்பமரத்தின் கிளைக்குமேலே யாரோ துடுப்புப் போடுகிற சத்தம். பயமே இல்லை, அதுதான் அதிசயம். ஒரு பெரிய அமைதி. சாப்பிடும்போது கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்தபடியே, மீன் என்றால் என்ன மீன் என்று கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

குழு கம்பங்கள் நட்டது, ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி கட்டியது. பதிவு செய்த எச்சரிக்கை அதில் ஒலிக்க வேண்டும். யார் பேசுவது? முதலில் உடற்பயிற்சி ஆசிரியரைப் பேசச் சொன்னார்கள். மனுஷன் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்திவைத்தார். ஒத்திகையன்று அதைக் கேட்ட பிள்ளைகள் தலைதெறிக்க ஓடினார்கள். படிக்கட்டில் ஒரே நெரிசல், செருப்புக் குவியல். கணக்கு அலுவலர் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். அடுத்த தடவை மொழித்துறைத் தலைவர் பேசினார். செந்தமிழ் அருவி மாதிரி கொட்டியது. ஏதோ விழா தொடங்கிவிட்டது என்று பாதிப் பேர் மர நிழலில் வசதியாக உட்கார்ந்து கேட்டார்கள்.

கணக்கு அலுவலரின் கால் ஆறவில்லை. கட்டு மாற்ற வந்தவரோடு பேராசிரியையும் மருந்தகத்துக்கு வந்தார். கணக்கு அலுவலர் வலியில் முகத்தைச் சுளித்தார். நர்ஸம்மா குனிந்தபடி, "ஒண்ணுமில்ல சார், கால மேல வைங்க. மெதுவா. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். அவர் காலை மட்டுமல்ல, தோளையும் தளர்த்தினார். பேராசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேராசிரியை எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மைக்கைப் பார்க்க வேண்டாம், தன்னைக் காய்ச்சலோடு வந்தவளாக நினைத்துக்கொண்டு பேசச் சொன்னார். அப்புறம் வந்தது பேச்சு.

"கடல் ஏறி வருது. பயப்படாதீங்க. பையெல்லாம் அப்படியே விட்டுடுங்க. பக்கத்துல இருக்கறவங்க கையப் புடிச்சுக்குங்க. மெதுவா, நூலக மாடிக்கு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

கடைசி வரி பழக்கத்தில் வாய் தவறி வந்தது. அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். பேராசிரியை இருக்கட்டும் என்றுவிட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பார்ப்பார்கள். கம்பத்துக்குக் கம்பம் தாவி, மரங்களுக்கிடையே எதிரொலித்து, கடற்காற்றில் கரைந்து வரும்போது அது அவள் குரலாகவே இருக்காது. பஞ்சு சுற்றிக்கொண்டிருப்பவள் கையை நிறுத்திக் கேட்பாள். யார் இவள்? கவலையே அறியாதவள், தண்ணீருக்குள் நின்று பேசுகிறவள். தனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் இப்படித்தான் பேசுவாள் என்று தோன்றும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "நூலக மாடிக்கு வாங்க" என்று காதலர்கள் சாடை பேசிக்கொண்டார்கள்.

அவள் கணவருக்கு மட்டும் ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் கை கழுவிக்கொண்டே தானாகப் பேச்செடுத்தார். அதுவே அபூர்வம்.

"கம்பத்துல ஒரு பொண்ணு பேசுதே, யாரு அது?"

"தெரியலையே. ஏன்?"

"அந்தப் பொண்ணு சொன்னா கேக்கலாம்போல இருக்கு."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்று ஒரு பொறாமையும் வந்தது. தன் குரல்மேல் தானே பொறாமைப்பட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

புயல் வேறு திசையில் போகும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் அது திரும்பிவிட்டது. வானம் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. காற்று சட்டென்று நின்று, பறவைச் சத்தம்கூட அடங்கியது. மருந்தகக் கட்டிலில் ஒரு மாணவி காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருந்தாள். அப்போது வெளியே அந்தக் குரல் கிளம்பியது.

ஒத்திகை நாள் இல்லையே என்று நர்ஸம்மா வாசலுக்கு வந்தாள். மதிலின் கேட்டுக்கடியில் தண்ணீர் பளபளவென்று, ஓசையில்லாமல், விருந்தாளி மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது. மருந்து அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். மனசு வரவில்லை. விட்டுடுங்க என்றது குரல். விட்டுவிட்டாள். மாணவியை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வழியெங்கும் பிள்ளைகள் கைகோத்து நடந்தார்கள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே கனவுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் கணுக்காலில் வெதுவெதுப்பாகச் சுற்றியது. புடவை மிதந்து பின்னால் வந்தது.

மாடிக்குப் போய் மாணவியைச் சுவரோரம் படுக்கவைத்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. பம்ப் அறை. மோட்டாரையெல்லாம் நிறுத்தாமல் அந்த மனுஷன் அசையமாட்டார். போன் வேலை செய்யவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். மைதானம் இல்லை, நீலம்கூட இல்லை. மண்ணும் நுரையுமாய் ஒரு பெரிய தண்ணீர்ப் பரப்பு. அதற்குமேல் கம்பங்கள் நின்று அவள் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் அவளும் உதட்டுக்குள் கூடவே சொன்னாள்.

வெகுநேரம் கழித்து மரங்களுக்கிடையே இரண்டு தலைகள் தெரிந்தன. அவரும் காவலாளியும். தொடையளவு தண்ணீரில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்கள்.

மேலே ஏறி வந்தவர் சொட்டச் சொட்ட அவள் முன்னால் நின்றார். காவலாளியின் கையை இன்னும் விடவில்லை. மூச்சிரைத்தபடி, "அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டே இருந்துச்சு. அந்தத் திக்குலயே வந்துட்டோம்" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் கம்பங்கள் அடங்கிவிட்டன. ஒலிபெருக்கிகளின் பேட்டரிக்குத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். அதுவரை அமைதியாக இருந்த கூட்டம் அந்த நிசப்தத்தில்தான் மிரண்டது. யாரோ அழத் தொடங்கினார்கள். சிலர் கீழே போகப் படிக்கட்டை நோக்கி முண்டினார்கள். பேராசிரியை கைகாட்டியும் எடுபடவில்லை.

நர்ஸம்மா படிக்கட்டின் உச்சியில் போய் நின்றாள்.  எதிரே காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. பக்கத்துல இருக்கறவங்க கையப் புடிச்சுக்குங்க. அப்படியே உக்காருங்க. நான் இங்கதான் இருக்கேன்."

முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர். அலை அடங்குகிற மாதிரி கூட்டம் முழுக்க உட்கார்ந்தது. அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "நீயா?" என்றார்.

"நான்தான்."

 அவர் அவள் காலடியில், ஈரத்தோடு, எல்லோரையும் போல உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. மருந்தகம் மட்டும் உருத்தெரியாமல் போயிருந்தது. கட்டில் மைதானத்துக்குப் போய் மல்லாந்து கிடந்தது. அதன் கம்பிகளுக்கிடையே உண்மையாகவே ஒரு சின்ன மீன் துள்ளியது. அவள் அதைச் சேலைத் தலைப்பில் ஏந்திக் கடலில் கொண்டுபோய் விட்டாள்.

மருந்தகத்தை நூலகத்தின் மேல்தளத்துக்கு மாற்றுவது என்று குழு முடிவு செய்தது. அந்தக் கூட்டத்துக்கு, பம்ப் அறையை எங்கே வைப்பது என்று கேட்க, அவள் கணவரையும் அழைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒலிபெருக்கிப் பேட்டரிகளை மொட்டைமாடியில் வைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். வெயில் தாங்காது என்றார் ஒருவர். கூரை போடலாம் என்றார் இவர். காற்றில் கூரை பறக்கும் என்றார் பேராசிரியை. எப்படிக் கட்டினால் பறக்காது என்று கையை விரித்து, மடக்கி, மேஜையிலிருந்த தம்ளரைக் கவிழ்த்து வைத்து, அவர் விளக்கிக்கொண்டே போனார். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நர்ஸம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.