கதவில் தொங்கிய நெற்று

என் வீட்டு வாசற்கதவில் மாவிலைத் தோரணம் கிடையாது, எலுமிச்சையும் மிளகாயும் கிடையாது. பல வருடங்களாக ஒரு குல்மோகர் நெற்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். காய்ந்து கறுத்த அதன் மேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூல் சுற்றி, ஒரு முனையில் மாட்டுவதற்குக் கண்ணி போட்டிருக்கும். அசைந்தால் உள்ளே விதைகள் கலகலக்கும். வருகிற ஒன்றிரண்டு பேரும் எந்தக் கண்காட்சியில் வாங்கியது என்று கேட்பார்கள். நானும் அழகுக்காகத்தான் மாட்டியிருந்தேன். ஆனால் அது அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். ஓர் அறைக்கு ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே ஷிப்ட் அமையாது. ஒருத்தி தலைவாரிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி அப்போதுதான் வந்து போர்வையை இழுத்து மூடுவாள். எங்கள் ஊரில் பகலில் கதவைச் சாத்தும் வழக்கமே இல்லை என்பதால், சத்தமில்லாமல் கதவைத் திறக்கவே எனக்குத் தெரியாது, நான் திறந்தால் அந்தத் தளத்துக்கே கேட்கும். அறையில் மூத்தவளான அக்காதான் என்னை வழிக்குக் கொண்டுவந்தாள். அக்காவுக்குச் சொந்த ஊர் பாரூர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், வாட்ச்மேனோடு கன்னடம். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். அந்த நெற்றைச் செய்து சட்டம் போட்டது அவள்தான். நெற்று வெளியே தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது. தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, போனும் அடிக்கக்கூடாது. வெறுங்கதவு என்றால் எல்லாரும் விழித்திருக்கிறார்கள், தாராளமாகத் தட்டலாம். "தூக்கம் கெட்டவ மெஷினாண்ட நின்னா கை போயிடும் பாப்பா. வார்டன் பேச்ச வேணா மீறு, நெத்துப் பேச்ச மீறாத" என்பாள். வார்டன் பேச்சை நாங்கள் நிறையவே மீறினோம். நெற்றுக்கு மட்டும் எல்லாரும் கட்டுப்பட்டோம்.

எங்கள் இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வாய்க்கும் நாளில் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போவோம். ஓசூர்க் காலைப் பனியில், ஷூ போட்டுக்கொண்டு வேகவேகமாக நடக்கிறவர்களுக்கு நடுவே நாங்கள் மட்டும் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். தூங்குமூஞ்சி மரத்தின் ஒட்டும் நெற்று, ஊதாப்பூ மரத்தின் சிப்பி போலப் பிளந்த காய், தைல மரத்தின் குட்டித் தொப்பிகள், புங்கங்கொட்டை எல்லாம் அவள் துப்பட்டா முடிச்சுக்குள் போகும். மரத்திலிருந்து எதையும் பறிக்க விடமாட்டாள். "அது வேணாம்னு கழட்டிப் போட்டதுதான் நம்மளுது" என்பாள். சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியதுபோக மிச்சமிருப்பதைப் பற்றியும் இதையே சொல்லிச் சிரிப்பாள்.

கம்பெனியில் எங்கள் விரல்கள் நாள் முழுக்க உறைக்குள் இருக்கும். எதையும் வெறுங்கையால் தொடக்கூடாது. உறையைக் கழற்றினால் ஊறி வெளுத்து, யாருடைய விரல்களோ மாதிரித் தெரியும். அதனால்தானோ என்னவோ, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொரசொரப்பான ஒரு நெற்றைக் கையில் வாங்கும்போது அவ்வளவு சுகமாக இருக்கும். அக்கா பேசிக்கொண்டே செய்வாள். காய் ஓடு ஆமையாகும், தொப்பிகள் கோத்து மாலையாகும். அவளுக்குக் குருவிதான் பிடித்தமானது. படகு மாதிரி இருக்கும் நெற்றை உடம்பாக்கி, சிப்பிக் காய்களை இறக்கையாக்கி, பழைய சேலை முந்தானையில் உருவிய நூலால் கட்டுவாள். கடைசியில் புங்கங்கொட்டைத் தோலில் கண் வைப்பாள். ஒரு குருவி முடிய நல்ல நேரம் பிடிக்கும். நான் செய்ததெல்லாம் குருவியா கரப்பானா என்று பார்க்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "உங்க ஊர்ல குருவிக்கு மீசை இருக்குமோ?" என்று கேட்பாள். "எங்க ஊர்ல எல்லாத்துக்கும் இருக்கும்க்கா" என்பேன்.

அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு வரன் வந்தது. பாரூர்ப் பக்கமே, நெல்லும் கரும்புமாக விவசாயக் குடும்பம், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. அக்காவை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டார். அன்று நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். சானமாவுக் காட்டு ரோட்டில் யானை இறங்கியதால் கம்பெனி பஸ் தாமதம், அசதி வேறு. விழித்தபோது அக்காவின் கட்டிலில் மெத்தை சுருட்டப்பட்டிருந்தது. கதவைத் திறந்தேன், வெளியே நெற்று தொங்கியது. கிளம்பும்போதும் அவள் சட்டத்தை மீறவில்லை. எழுப்பியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு அவள்மேல் கோபம் உண்டு. நெற்றை யாரும் கேட்கவில்லை, நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலில் வாரம் தவறாமல் போனில் பேசினோம். பிறகு பொங்கல், தீபாவளி என்று சுருங்கியது. நான் இங்கேயே ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிவந்து, அவளுக்கு வழி சொன்னேன். இரண்டாவது மாடி, கதவிலே உன் நெத்து தொங்கும் என்றேன். வருகிறேன் என்றாள். வயல், மாடு, மாமியார் என்று வருடங்கள் போயின. எனக்கு வந்த வரன்களும் வந்த வழியே போய்விட்டன. இப்போது ஜெனரல் ஷிப்ட்தான். தனியாக இருப்பதில் வெட்கமில்லை, பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பழகவில்லை. காலையில் பூங்காவுக்குப் போய் நெற்றுகளைப் பொறுக்கி வருவேன். மேசைமேல் பரப்பிப் பார்ப்பேன். செய்யத் தோன்றாது, திரும்பப் பைக்குள் போட்டு வைப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. சாப்பிட்டு முடித்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டிவி போடவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி, யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தனியாக இருக்கிறவர்கள் வீட்டில் சத்தம் இருக்காது. பேச ஆளில்லை, பாத்திரமும் ஒன்றிரண்டுதான். வெயில் இறங்கியபின் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். நெற்றின் கண்ணியில் ஒரு குருவி தொங்கியது. சிப்பிக் காய் இறக்கை, புங்கங்கொட்டைத் தோலில் கண். கட்டியிருந்தது சேலை நூல், பிசிர்கூட அடங்கியிருக்கவில்லை. செருப்புப் போடாமல் தெருமுனை வரை ஓடினேன். பால் வாங்க வந்தவர்கள்தான் நின்றிருந்தார்கள்.

அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல். குந்தாரப்பள்ளி தாண்டிவிட்டதாம். வளர்த்த மகளுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. காலையில் அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, பழைய நினைப்பில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். "நெத்து தொங்கிகினு இருந்துச்சி பாப்பா. நைட்டு முடிச்சிட்டு வந்து படுத்துட்ட போலன்னு நெனச்சேன். காது வெச்சிப் பாத்தேன், சத்தமே இல்ல. எழுந்திருச்சா பாத்துட்டுப் போலாம்னு உன் வாசப்படியிலயே குந்திகினு கொருவி கட்டினேன். அதுவும் முடிஞ்சிருச்சி. கடைசி பஸ்ஸ விட்டுட்டா ஊட்டுக்குப் போவ முடியாதே."

அவள் அந்தக் குருவியைக் கட்டிய நேரம் முழுக்க, கதவுக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன். "அசந்து தூங்கிட்டேன்."

"தூங்கு, தூங்கு. ஒடம்பு முக்கியம்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு நிறைவு இருந்தது. மகளைப் பார்க்க வரும்போது கட்டாயம் வருவதாகச் சொன்னாள். பஸ் ஏதோ மேட்டில் ஏறியிருக்க வேண்டும், பேச்சு விட்டுவிட்டுக் கேட்டு, அப்புறம் நின்றுபோனது.

அன்றே நெற்றை எடுத்து உள்ளே மாட்டிவிட்டேன். குருவி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்று வரும்போது விதைகள் கலகலக்கின்றன, வீட்டில் அந்த அளவுக்காவது ஒரு சத்தம். எதிர்வீட்டு அம்மா, கதவு மொட்டையாக இருக்கிறதே, வெள்ளிக்கிழமை ஒரு தோரணமாவது கட்டு என்கிறார். இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வெறுங்கதவுக்கு என்ன அர்த்தம் என்று பாரூரில் ஒருத்திக்குத் தெரியும்.