அட்டைப் பெட்டியால் அளந்த அடுப்பு

லொரெட்டா திபொடோ இருபத்தாறு வருடமாக மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் விறகடுப்பு பொருத்துகிறவள். சுவரில் இருக்கும் செங்கல் கணப்புக்குள் இரும்பு அடுப்பைச் செருகுவதுதான் அவள் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பின் அளவிலேயே வெட்டி ஒட்டிய இரண்டு அட்டைப் பெட்டிகள் அவளோடு வரும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

வெர்னன் பெல்கி அவளைக் கூப்பிடும் முன்பே பெரியதுதான் என்று முடிவு செய்திருந்தான். அதற்குக் காரணம் குளிர் இல்லை, அவன் மைத்துனன் ஆர்டெல். ஆர்டெல் வீட்டில் இருந்தது ஊரிலேயே பெரிய அடுப்பு. ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பதை அவன் வெட்கமில்லாமல் பீற்றிக்கொள்வான். எங்கள் ஊரில் ஆம்பிளையை அடுப்பை வைத்துத்தான் எடை போடுவார்கள்.

லொரெட்டா பெரிய பெட்டியைக் கணப்புக்குள் தள்ளினாள். முன்பக்கம் அகலமாக இருந்தாலும் உள்ளே போகப்போகச் சுவர் குறுகியதால் பெட்டி பாதியில் நின்றது. செங்கல்லை உடைத்துவிடலாம் என்றான் வெர்னன். அவள் மறுத்தாள். இரண்டே அறை, தாழ்ந்த கூரை. பெரிய அடுப்பின் சூடு தாங்காமல் காற்றுத் துளையை மூடுவார்கள். மூடினால் விறகு எரியாமல் புகையும், புகை தாராகிப் புகைபோக்கியில் படியும், ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். தொழிலுக்கு வந்த புதிதில் கேட்டவருக்குக் கேட்டதையே பொருத்தி, ஒரு வீட்டின் கூரை எரிந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். பெட்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்த ஆர்டெல் சின்னப் பெட்டியைக் காலால் தட்டினான். "யானைப் பசிக்குச் சோளப்பொரியா? பிப்ரவரில இவங்க என் வீட்டுக்குத்தான் ஓடி வரணும்."

லொரெட்டாவுக்குச் சுருக்கென்றது. "இந்தக் குளிர்காலத்துல ஒருநாள் வெர்னன் வீடு சில்லுன்னு ஆச்சுன்னா, நானே கழட்டி எடுத்துட்டுப் போறேன். அதோட இந்தத் தொழிலுக்கும் முழுக்கு."

சின்னதையே பொருத்தினாள். இந்தப் பந்தயம் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஜனவரியில் மூன்று நாள் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. மூன்றாம் நாள் காலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வெர்னன் வீட்டுக்குப் போனாள். புகைபோக்கியில் புகையே தெரியவில்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்றே நினைத்தாள். கதவைத் திறந்தால் இதமான சூடு முகத்தில் மோதியது. நன்றாக எரிகிற அடுப்பு புகையாது என்று ஊருக்கே சொன்னவள், பயத்தில் தானே அதை மறந்திருந்தாள்.

உள்ளே பீன்ஸ் பானையைச் சுற்றி வெர்னன் குடும்பத்தோடு ஆர்டெல் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் மதியம், காற்றுத் துளையை மூடி மூடிப் படிந்த தாரில் ஆர்டெலின் புகைபோக்கி பற்றிக்கொண்டு, தீயணைப்பு வண்டி வந்து அணைத்ததாம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லொரெட்டா அவனைக் குத்திக்காட்டவில்லை. பெருமையில் அவளுக்கு நெஞ்சு விம்மியது, அதுவே போதுமாக இருந்தது. ஆர்டெல்தான் தட்டைப் பார்த்தபடி கேட்டான்: "பெட்டி வண்டில இருக்கா?"

"ரெண்டும் இருக்கு. உனக்கு எது வேணும்?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கற? வந்து அளந்துட்டு நீயே சொல்லு."