மரத்துக்குள் இருந்த துரு

1950களில் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு படகுச் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் பாய்மரப் படகு கவிழாமலிருக்க அடியில் ஓர் இரும்புப் பாளம் உண்டு. மரத்தைத் துளைத்துச் செல்லும் ஆறு போல்ட்டுகள்தாம் அதைத் தாங்கின.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு சங்கத்தின் ஃபிட்டர் முனுசாமி வந்தார். "சார், நட்டு நல்லாத்தான் தெரியுது. மரத்துக்குள்ள துரு தின்னிருக்கும். ஒரு போல்ட்டைக் கழட்டிப் பார்த்துடலாம்."

"உனக்கு எதைப் பார்த்தாலும் கழட்டணும். சைக்கிளையும் கழட்டிப் போட்டுட்டுத்தானே நடந்து வர்றே?"

"நடந்து வந்தா விழமாட்டேன் சார்" என்று சிரித்தார்.

நான் சுத்தியலால் நட்டைத் தட்டினேன். கணீரென்றது. போதும், பெயின்ட் அடி என்றேன்.

ஞாயிறன்று போட்டியின்போது நடு ஏரியில் பாளம் கழன்று விழ, படகு கவிழ்ந்தது. படகிலிருந்த மூவரும் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். கட்டைவிரல் பருமன் போல்ட்டுகள் நடுவில் பென்சிலைவிட மெலிந்து அறுந்திருந்தன.

"ஃபிட்டர் இதைப் பார்க்கவில்லையா?" என்று தலைவர் கமிட்டியில் கேட்டார். முனுசாமி என்னிடம் சொன்னதைச் சொல்லவில்லை, என்னையே பார்த்தார். நானே சொல்லிவிடுவேன் என்று நம்பியிருக்கிறார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவர் வேலை போயிற்று. "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. குடும்பத்தோடு கோலார் பக்கம் போய்விட்டார்களாம்.

என் மனைவி இறந்தபின் இப்போது ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் தனியாக இருக்கிறேன். சில மாலைகளில் வாய்விட்டே சொல்லிப் பார்க்கிறேன்: "முனுசாமி சொன்னார், நான்தான் கேட்கவில்லை." சொல்வதற்கு இரண்டு விநாடிகூட ஆவதில்லை.