உள்பக்கத்தைத் திருப்பு

எங்கள் மீன்பிடி ஊரான பேசாலையில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கொட்டுவது. அதன்மேல் ஒரு பிள்ளை ஏறி நின்று வழுக்கி வழுக்கி ஆடும், அந்த ஆட்டத்துக்கென்று தனி உடுப்பு இருக்கிறது, அது நல்லதா கூடாததா என்று எங்கள் பிரான்சிஸ்கா தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பியிருக்க மாட்டேன். என் வீட்டு மேசையில், என் வைஃபையில், என் கண் முன்னால் நடந்தபடியால் சொல்கிறேன்.

பிரான்சிஸ்கா பக்கத்து வீட்டுக்காரி. நாற்பத்தொன்பது வயது. கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சி ஸ்ரெல்லாவைத் தனியாளாக வளர்த்தாள். அதற்காகப் பன்னிரண்டு வருடம் ஒரு கார்மென்டில் செக்கராக நின்றாள். வெளிநாட்டுக்குப் போகிற நீச்சல் உடுப்புத் தைக்கிற இடம் அது. தைத்து வருவதைப் புரட்டிப் பார்த்து, பிழை கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போய்விட்டது. இப்போது வீட்டிலிருந்து பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாள். வருகிற சனத்தை வாயால் விரட்டுவதிலும் கெட்டிக்காரிதான், அதையும் சொல்ல வேண்டும்.

ஸ்ரெல்லா கலியாணம் கட்டிக் கனடா போனாள். முதலில் கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்தாள். பிறகு மாதத்துக்கு ஒருக்கால். பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும். கேட்டால் வேலை என்பாள், பனி என்பாள். பிரான்சிஸ்கா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் போனை ஏப்ரனின் பையிலேயே வைத்துக்கொண்டு மெஷினில் இருப்பாள்.

இந்த வருடம் ஸ்ரெல்லாவின் மகள் ரொஷேலுக்கு ஐஸில் ஆடுகிற போட்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து நாங்கள் என் வீட்டுக்கு வந்திருந்த நேரம், வீடியோவில் போன் அடித்தது.

"அக்கா, இணையத்திலை ஒரு உடுப்பு எடுப்பிச்சனான். பிடிக்காட்டித் திருப்பி அனுப்பலாம். நீங்கள்தானே இதுகள் பாக்கத் தெரிஞ்சனீங்கள். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

மயில் நீலத்தில், முதுகுப் பக்கம் தோல் நிற வலை வைத்து, கல்லுப் பதித்த உடுப்பு. நான் ஆவென்று பார்த்தேன். பிரான்சிஸ்கா முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"உள்பக்கத்தைத் திருப்பு," என்றாள். "பக்கத் தையலை ரெண்டு கையாலும் இழு. துணியோடை சேர்ந்து நூலும் நீளுதோ? பிள்ளை காலைத் தூக்கேக்கை நூல் அறுந்தால் ஊர் சிரிக்கும். இப்ப உன்ரை கைமுட்டியிலை துணியைப் போட்டு இழு. தோல் தெரியுதோ? கல்லைப் பெருவிரலாலை உரசு. ஓரத்திலை பசை பிதுங்கியிருக்குதோ?"

நாற்பது நிமிடம். பன்னிரண்டு வருடத்து நிமிர்வு அவள் முதுகில் திரும்பி வந்திருந்தது. கடைசியில், "கால் ஓரத் தையல் சரியில்லை. அனுப்பிப்போடு. வேறை பார்," என்றாள்.

அடுத்த ஞாயிறு ஊதா. அதற்கடுத்தது வெள்ளை. அதுவும் சரியில்லை, இதுவும் சரியில்லை. நாலாவது கிழமை ஒரு பச்சை உடுப்பு. இதற்குள் எனக்கும் கொஞ்சம் பார்க்கத் தெரிந்துவிட்டது. எவ்வளவு பார்த்தும் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. போனை வைத்ததும் கேட்டேன்.

"அந்தப் பச்சையிலை என்ன பிழை?"

"ஒண்டுமில்லை மச்சாள்."

"அப்ப முந்தினதுகள்?"

"முதலாவதிலையும் ஒண்டுமில்லை. திறமான தையல். எங்கடை லைனிலை வந்திருந்தால் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க மாட்டன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரோ? அந்தப் பிள்ளை என்னத்தைப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போறது?"

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "நல்லது, வாங்கு எண்டு சொன்னால் பேந்து அவள் என்னத்துக்கு எடுக்கப் போறாள்? எனக்கு வேறை ஆர் இருக்கினம், மச்சாள்?"

இருபது வருடமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். நான் இல்லையோ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "வாற ஞாயிறு உண்மையைச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லிப்போடுவன்," என்றேன். அவளும் தலையாட்டினாள்.

அந்தக் கிழமை அவளுடைய மெஷின் ஓடியது குறைவு. புதன்கிழமை உடுப்புக் கொடியடியில் நிற்கும்போது சுவருக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. "இது நல்ல உடுப்பு, ஸ்ரெல்லா. வாங்கு." சற்று நேரம் கழித்துத் திரும்பவும் அதே வசனம். ஆரோ வந்திருக்கிறார்களாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பாடமாக்குகிறாள்.

ஞாயிறு வந்தது. போன் அடித்தது. சிவப்பு உடுப்பு. உள்பக்கம் பார்த்தாள், இழுக்கச் சொன்னாள், உரசச் சொன்னாள். எல்லாம் சரி. பிரான்சிஸ்கா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரெல்லாவுக்குப் பின்னால் ரொஷேல் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வந்தது. உடம்பில் மயில் நீல உடுப்பு. திருப்பி அனுப்பச் சொன்ன அதே உடுப்பு. ஸ்ரெல்லா சட்டென்று போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

நான் கண்டது நிறத்தை மட்டும். பிரான்சிஸ்கா செக்கர். இடுப்பில் ரெண்டு கல் விழுந்திருந்ததையும், கமுக்கட்டுக்குக் கீழே துணி உரசி நூல் உருண்டு கிடந்ததையும் கண்டுவிட்டாள். ஒரு மாதமாகப் போட்டு ஆடின உடுப்பு. ஸ்ரெல்லா அதை முதல் கிழமையே வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வந்த ஒரு உடுப்புக்கும் அந்த வீட்டில் தேவை இருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுப்பித்து, அக்காவுக்குக் காட்டி, திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

போனில் வெறும் வெள்ளைச் சுவர் தெரிந்தது.

"அக்கா," ஸ்ரெல்லாவின் குரல் இறங்கியிருந்தது. "இருக்கிறியளோ? உடுப்பு எப்பிடி?"

இப்போது கேட்கப் போகிறாள், கிழிகிழியென்று கிழிக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். பிரான்சிஸ்கா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இடுப்புத் தையல் சரியில்லை, ஸ்ரெல்லா. இது வேண்டாம். வேறை பார்."

அங்கே பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "ஓமக்கா. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். வாற ஞாயிறு வேறை ஒண்டு காட்டுறன்."

உண்மையைச் சொல்லுவேன் என்று வெருட்டிய நான் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனேன். திரும்பி வந்தபோது பிரான்சிஸ்கா கண்ணைத் துடைத்துவிட்டு, போனை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கும் அங்கை ஒருத்தரும் இல்லைப்போலை, மச்சாள்," என்றாள்.

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வீட்டுக்குப் போனாள்.