நாற்காலி வேண்டாம் என்றவள்

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டல். அதில் நான் கல்லாவில் உட்காருகிறேன். முதலில் அங்கே இலை எடுத்தேன். பிறகு பரிமாறினேன். கை சுத்தமானவன் என்று சொல்லி முதலாளி கல்லாச் சாவியைக் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய விஷயம். அன்றைக்கே ஊருக்குப் போன் செய்தேன். மகன் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

இப்போது அந்த நாற்காலியில் ஒரு குழி விழுந்திருக்கிறது. என் அளவுக்குச் சரியாக இருக்கும். பணத்தையும் பாதிப் பேர் போனில்தான் அனுப்புகிறார்கள். வந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி மலையாளத்தில் சொல்கிறது. பெட்டி பேசும். நான் உட்கார்ந்திருப்பேன்.

என் மனைவிக்கும் உட்கார்ந்த வேலைதான் இருந்தது. பழவங்காடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுப்பாள். களியக்காவிளைக்காரி. மலையாளமும் தமிழும் வேகமாக அடிப்பாள். கடையில் ஃபேன் உண்டு. மாலையில் வீட்டுக்கு வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பாள். ஒரு நாள் அப்படி நின்றுகொண்டே சொன்னாள்.

"நாளையிலேர்ந்து கடைக்குப் போவல."

"பின்னே எங்க போறே?"

"தெங்குல ஏறப் போறேன். வார்டுல பெண்ணுங்களுக்கு மெஷின் வச்சு ஏறப் படிச்சுக் குடுக்காங்க. பேரு குடுத்தாச்சு."

தென்னை மரமா என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் கொஞ்ச நாள் எனக்குப் பயம்தான். போன் அடித்தாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். பிறகு பயம் போய்விட்டது. வந்தது பொறாமை. அதை வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்தால் அடுத்த நிமிஷம் தூக்கம். நான் புரண்டுகொண்டிருப்பேன். கேஸ் சிலிண்டர் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட நான் வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் அவள் தூக்கி அடுக்களையில் வைத்துவிட்டாள். என் இடுப்பில் வலிக்குப் போட்ட பெல்ட் இருக்கிறது. டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவளை யாரும் நடக்கச் சொல்லவில்லை.

அவளோடு மரம் ஏற ஒரு கூட்டுக்காரி உண்டு. மலையாளி. இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். பின்னால் இருப்பவள் மடியில் மெஷின். ஹோட்டல் வழியாகப் போகும்போது பார்ப்பேன். எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு போவார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது."

அவர்களுக்குள் ஒரு வழக்கம். மரத்தில் ஏறுகிறவள் உடம்பில் உள்ளதையெல்லாம் கழற்றிக் கீழே நிற்கிறவளிடம் கொடுத்துவிடுவாள். கம்பியிலோ மட்டையிலோ மாட்டினால் ஆபத்து. கீழே நிற்கிறவள் அதைத் தொலையாமல் இருக்கத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அப்படியென்றால் நான் கட்டிய தாலி பகலில் பாதி நேரம் அந்தக் கூட்டுக்காரி கழுத்தில் கிடக்கிறது. தெரிந்த அன்று நான் சாப்பிடவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் அவர்களுடைய சங்கத்தில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டார்கள். தேங்காய் வெட்ட ஆள் கேட்டு வருகிற போனை எடுக்க வேண்டும். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இவளுக்கு அடிக்கத் தெரியும் என்று இவளைக் கேட்டார்கள். சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்.

"போ. நல்ல இடம்" என்றேன்.

அன்றைக்கு நான் நிறையப் பேசினேன். வயதாகிறது என்றேன். முட்டு தேயும் என்றேன். மழையில் மரம் வழுக்கும் என்றேன். எல்லாம் சரியான பேச்சுதான். அவளும் என்னைப் போல ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் என் மனசில் இருந்தது.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"நீங்க எதுக்குச் சொல்லுதியன்னு எனக்குத் தெரியும். உங்க லீவு அன்னைக்கு வந்து ஒரு தடவ பாருங்க. அதுக்குப் பிறகு நான் அவங்ககிட்ட பதில் சொல்லுதேன்."

போனேன். ஸ்ரீவராகத்தில் ஒரு அக்ரகார வீடு. பின்பக்கம் நாலைந்து தென்னை. வீட்டு மாமி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது யாருடீ புதுசா?"

"எங்க வீட்டுக்காரர், மாமி."

"ஏற வந்திருக்காரா, விழுந்தா பிடிக்க வந்திருக்காரா?"

கூட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மனைவி தாலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். இரண்டு பேருக்கும் அது பழகிய வேலை. பேசிக்கொள்ளக்கூட இல்லை. மெஷினில் இரண்டு துண்டு. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி, மரத்தைச் சுற்றி ஒரு கம்பிக் கயிறு. அவள் ஏறி நின்றாள். ஒரு பக்கம் தூக்கினாள், மறுபக்கம் தூக்கினாள். மாடிப்படி ஏறுவது போலப் போனாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சேட்டா, மாறி நில்லு. தேங்கா தலையில வீழும்" என்றாள் கூட்டுக்காரி.

மேலே மட்டைக்குள் அவள் மறைந்துவிட்டாள். தேங்காய் மட்டும் விழுந்தது. ஒரு பாட்டு முனகுகிற சத்தம் கேட்டது. வீட்டில் அவள் பாட மாட்டாள்.

அவள் இறங்கியதும் நான் கேட்டேன்.

"நான் ஒரு தடவ ஏறட்டா?"

கூட்டுக்காரி சத்தமாகவே சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள்.

"பெல்ட்டு இருக்கட்டும். கையில, அரைஞாண்ல உள்ளதக் கழட்டுங்க."

வாட்சைக் கழற்றினேன். அரைஞாணில் கல்லாச் சாவி. குளிக்கும்போதுகூட அதை நான் கழற்றுவதில்லை. கழற்றிக் கொடுத்தேன். கீழே நிற்பவள் இப்போது இவள். தாலியைத் திரும்ப வாங்கிப் போட்டிருந்தாள். சாவியை அதிலேயே கோத்துக்கொண்டாள்.

ஏறினேன். காலைத் தூக்காமல் கையை மட்டும் இழுத்தேன். மெஷின் வரவில்லை. அவள் கீழேயிருந்து சொல்லிக்கொடுத்தாள். பிறகு வந்தது. ஓட்டுக்கூரை கண் மட்டத்துக்கு வந்தது, கீழே போனது. இன்னும் கொஞ்சம் ஏறினேன்.

"சேட்டா, மதி, போதும். பேடியுண்டோ?"

"பயமில்ல" என்றேன்.

பயமில்லைதான். பக்கத்து மொட்டை மாடியில் யாரோ வடாம் காயப்போட்டிருந்தார்கள். கோயில் கோபுரத்தின் தலை தெரிந்தது. கீழே ஒரு இலை அசையவில்லை. இங்கே காற்று இருந்தது. சட்டை உள்ளே வியர்வை குளிர்ந்தது. ஏறினால் பயந்து நடுங்கி இறங்குவேன், அதோடு என் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் ஏறினேன். இதெல்லாம் இவளுக்குத் தினமும் கிடைக்கிறது. மரத்துக்கு மரம் கிடைக்கிறது.

இறங்கும்போது மெஷின் மாட்டிக்கொண்டது. எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. இவள் கீழேயிருந்து சொன்னாள்.

"ரெண்டு காலையும் சேத்து ஊனாதிய. ஒரு கால்ல நில்லுங்க. மத்தது அயரும். உக்காந்தே பழகுனா இப்படித்தான்."

ஒரு காலில் நின்றேன். மறு துண்டு தளர்ந்தது. இறங்கினேன். மாமி மோர் கொண்டுவந்தாள்.

"ஏறினது நன்னாத்தான் இருந்தது. இறங்கினதுதான் பார்க்கச் சகிக்கலை."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க. ஆபீசுக்குப் போவவா?"

"உன் இஷ்டம்."

"அது பதிலில்ல."

போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு அவளுக்கு முந்தியே தூங்கிப்போனேன்.

காலையில் ஹோட்டலுக்கு வந்து இடுப்பில் கை வைத்தால் சாவி இல்லை. அவள் கழுத்திலேயே போய்விட்டது. நானும் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. போன் செய்தேன். கூட்டுக்காரி எடுத்தாள்.

"அவள் மரத்து மேலயாணு, சேட்டா."

"என் சாவி?"

"தாலியும் சாவியும் ரெண்டும் என் கழுத்தில உண்டு. பேடிக்கண்டா, பயம் வேண்டா."

கல்லாவைத் திறக்க வழியில்லை. ஒரு சாம்பார் வாளியைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தேன். வந்த காசை அதில் போட்டேன். பூட்டிய கல்லாவுக்குப் பின்னால் உட்காரக் கூச்சமாக இருந்தது. நின்றேன். பரிமாறுகிறவன் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"என்ன அண்ணே, காலையிலேர்ந்து நிக்கிய? மூலமா?"

"வேலையைப் பாரு."

முதலாளி வந்தார். வாளியைப் பார்த்தார்.

"சாவி எங்கவே?"

"மரத்துல, அண்ணாச்சி."

அவர் உள்ளே போய்க் காப்பி சொன்னார்.

வெயில் ஏறியபிறகு ஸ்கூட்டர் வந்தது. அவள் இறங்கவில்லை. ஒரு கால் ரோட்டில், ஒரு கால் வண்டியில். முகத்தில் தேங்காய்த் தும்பு ஒட்டியிருந்தது. பின்னால் கூட்டுக்காரி, மடியில் மெஷின். என் மனைவி தன் கழுத்திலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். தாலி அவள் கழுத்தில் இருந்தது.

"ஆபீசுல சொல்லியாச்சு" என்றாள். "நாற்காலி வேண்டாம்னுட்டேன்."

"சரி."

"வேற ஒண்ணுமில்லியா?"

நான் மெஷினைப் பார்த்தேன்.

"அடுத்த கிளாஸ் எப்ப?"

அவள் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"அது பெண்ணுங்களுக்கு மட்டும்லா" என்றாள்.

பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. வண்டியை எடுத்துவிட்டாள். திரும்புகிற இடத்தில் கூட்டுக்காரி என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தது இங்கிருந்தே தெரிந்தது. என்னைப் பற்றியா என்று தெரியாது.

கல்லாவைத் திறந்தேன். வாளியில் இருந்ததைக் கொட்டினேன். உட்கார்ந்தேன். குழி அப்படியே இருந்தது. சில்லறை எடுக்கும்போது உள்ளங்கையில் எரிந்தது. கைப்பிடி பட்ட இடத்தில் கொப்புளம். அவளுக்கு அந்த இடம் காய்த்துக் கல்லாகிவிட்டது. எனக்கு இரண்டு நாளில் ஆறிவிடும்.