கேரவனும் அரிசி மூட்டையும்

எங்கள் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கேரவன் வந்து நின்ற நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும். பெங்களூரில் ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்றது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, சன்னலுக்குத் திரை, பின்கோடியில் ஒரு குட்டிக் கதவு. அதைத் திறந்தால் நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரும் கழிப்பறை. நகரிப் பக்கத்து எங்கள் ஊரில் பாதிப் பேர் வந்து அந்தக் கதவைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்கட்டும். அந்தக் கதவுக்காகத்தான் நான் அதை வாங்கினேன்.

அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. சர்க்கரையும் உண்டு, அடிக்கடி போக வேண்டும். நெடுஞ்சாலையில் இருக்கிற எந்தக் கழிப்பறையிலும் அவளால் குந்த முடியாது. அதனால் வெளியூர் என்றாலே முந்தின நாளிலிருந்து தண்ணீரைத் தொடமாட்டாள். ஒருமுறை அப்படியே காய்ந்து கிடந்து, திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் காரை விட்டு இறங்கியதும் மயங்கி விழுந்தாள். அதோடு பயணம் என்ற பேச்சையே விட்டுவிட்டாள். குடுபல்லியில் இருக்கிற என் சித்தி, அம்மாவுக்கு ஒரே தங்கை, வீடு கட்டிக் குடிபோனபோதுகூட அம்மா போகவில்லை. நைனாவோடு, அதாவது என் அப்பாவோடு, அரிசி மூட்டையும் மாங்காயும் போயின. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே கதைதான். இந்த வருஷம் அம்மாவையே கொண்டுபோய்ச் சித்தி வீட்டு வாசலில் இறக்குவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இழுக்க எங்களிடம் வண்டி இருந்தது, நைனா மாங்காய் ஏற்றுகிற டபுள் கேபின் பிக்கப். நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் லோடு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறவள். எடை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரை இழுக்கலாம் என்று பிக்கப்போடு வந்த புத்தகம் சொன்னது. கேரவனின் தகட்டில் ஆயிரத்து நூற்றைம்பது என்று இருந்தது. மிச்சம் முந்நூற்றைம்பது! தகட்டில் இருப்பது காலி வண்டியின் எடை, தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே ஏறிவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் முந்நூற்றைம்பது கிலோவை மூன்று பேரால் தின்று தீர்க்க முடியுமா என்று நினைத்தேன்.

அம்மாவை நான் கணக்கில் எடுக்கவில்லை. கிளம்புகிற காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு மூட்டை அரிசி, ஒரு மூட்டை வேர்க்கடலை, பெட்டி பெட்டியாகத் தோத்தாபுரி மாங்காய் எல்லாம் கேரவனுக்குள் உட்கார்ந்திருந்தன.

"இன்னாம்மா இது?"

"தங்கச்சி வூட்டுக்கு வெறுங்கைய வீசிக்கினு போவச் சொல்றியா?"

ஏற்றியவர் நைனா. வாலிபத்தில் கட்டை வண்டி ஓட்டியவர். மாட்டின் கழுத்தில் பாரம் அழுத்தக் கூடாது என்பது அவர் ரத்தத்திலேயே ஊறிப்போன விஷயம். மூட்டைகளை எல்லாம் கேரவனின் பின்பக்கமாகத் தள்ளி அடுக்கியிருந்தார். கொக்கியில் மாட்டுகிற முன்தண்டை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா? பஞ்சாட்டம் கீது. வண்டிக்குக் கழுத்தே நோவாது."

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும் என்று அதே புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அவர் தூக்கிக் காட்டிய அழகில் எனக்கும் வாயெல்லாம் பல். மாட்டினோம், கிளம்பினோம். அம்மா பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தெருமுனை வரை ஆட்கள் கையசைத்தார்கள். எனக்கு விமானம் ஓட்டுகிற பெருமை!

சித்தூர் ரோட்டில் ஒரு நீளமான இறக்கம் வரும். அங்கே கொஞ்சம் வேகம் பிடித்ததும் பிக்கப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இப்படியும் அப்படியும் உலுக்குவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கேரவன் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு லாரி. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. பின்சீட்டில் அம்மா எல்லா சாமியையும் கூப்பிட்டு முடித்திருந்தாள்.

"நைனா, இது மாடு இல்ல. இதுக்குக் கழுத்துல பாரம் வேணும். பின்னால பாரம் ஏறுனா வால ஆட்டும்."

"நாப்பது வருசமா பாரம் ஏத்திக்கினு வரேன், எனக்கே சொல்றியா?" என்றார். குரலில் பழைய சுருதி இல்லை.

அதற்கப்புறம் ஊர்ந்து ஊர்ந்துதான் சித்தூர் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே மாங்காய்க் கூழ் ஃபேக்டரி ஒன்றின் பக்கத்தில் எடைமேடை இருந்தது. மாங்காய் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. நடுவே எங்கள் கேரவன் நுழைந்ததும் டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். கேரவனைக் கழற்றித் தனியாக மேடையில் நிறுத்தினோம். எடை போடுகிறவர் சன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பதஹாரு வந்தல இரவை, அம்மா" என்றார் தெலுங்கில்.

ஆயிரத்து அறுநூற்று இருபது. என் மிதப்பு அங்கேயே இறங்கியது. இதே பாரத்தோடு பலமனேர் மலைப்பாதை ஏற வேண்டும்!

"மூட்டைங்கள பிக்கப்புல மாத்திட்டா?" என்றார் நைனா.

"ரெண்டு வண்டிக்கும் சேத்து ஒரு லிமிட்டு கீது நைனா. இந்தப் பையில கீறத அந்தப் பையில போட்டா கொறஞ்சிடுமா?"

அவர் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "இதுலயே நூத்தியிருபது லிட்டர் கீது. தொறந்து வுட்டா சரியாப் பூடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "ஆமாண்டி, தண்ணிய வுட்டுடு. நான் நேத்துலருந்து ஒண்ணும் குடிக்கல. அடக்கிக்கினு வந்துடுவேன்."

எனக்கு வந்த கோபம் அப்படி இப்படி இல்லை. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் குட்டிக் கதவு எதற்கு, இந்தக் கேரவன்தான் எதற்கு? நேற்றிலிருந்து குடிக்கவில்லையாம்! கேரவன் வாசலில் வந்து நின்ற பிறகும் குடிக்கவில்லையாம்! டிராக்டர்காரர்கள் நிற்பது எல்லாம் மறந்துபோய் நான் கத்தினேன்.

"நீ ஒண்ணுக்குப் போறதுக்குத்தாம்மா இவ்ளோ பெரிய வண்டிய இழுத்துக்கினு வரேன்! சித்தி அரிசி கேட்டாளா? ஒவ்வொரு தபாவும் போன்ல 'அக்கா எப்ப வருவா'ன்னுதான கேக்குது? ஒரு தபா மூட்ட எப்ப வரும்னு கேட்டிருக்குதா?"

டிராக்டர்காரர்கள் மாங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கத்தி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அம்மா கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகக் கீழே வைத்து இறங்கினாள். நேராகக் கேரவனுக்குப் போய், கைக்கு எட்டிய மாங்காய்ப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? மூட்டையும் எறக்கு," என்றாள் நைனாவிடம்.

நைனா இறக்கினார். அரிசியையும் கடலையையும் எடைமேடை அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னோம், திரும்பும்போது எடுத்துக்கொள்வதாக. மாங்காயை அம்மா டிராக்டர்காரர்களுக்கே கொடுக்கப் பார்த்தாள். டிராக்டர் நிறைய மாங்காய் வைத்திருக்கிறவர்களுக்கு! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அம்மாவும்தான். கடைசியில் மாங்காய்ப் பெட்டிகளும் அந்த அறைக்கே போயின. கேஸ் சிலிண்டரையும் பாத்திரப் பெட்டியையும் முன்பக்கம் நகர்த்திக் கட்டினேன். மறுபடி எடை போட்டால் ஆயிரத்து நானூறுக்குள் வந்துவிட்டது. நைனா முன்தண்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் முக்கினார்.

"கழுத்த அழுத்துது," என்று முணுமுணுத்தார்.

"அதான் நைனா வேணும்!"

மலைப்பாதையில் வண்டி இரண்டாம் கியரில் முனகாமல் ஏறியது, கேரவன் சொன்னபடி கேட்டுக்கொண்டு பின்னால் வந்தது. ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் நான் சத்தமாகச் சிரித்தேன். நைனா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உச்சிக்கு வந்து பலமனேர் எல்லையில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

அம்மா இறங்கிக் கேரவனுக்குள் போனாள். குட்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் விழுகிற சத்தம். நானும் நைனாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே நின்றோம். அம்மா முகம் கழுவி, தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். சர்க்கரை போடாமல் ஒரு டீ சொன்னாள்.

குடுபல்லிக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. அம்மா டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொன்று கேட்டாள்.